உழைத்துப் பெற்ற குரல்

காஞ்சிக்கு மேற்கே, பெங்களூர் சாலையை ஒட்டிய சிற்றூர் திருப்புட்குழி. அங்கே ஒரு பொதுக்கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். நாம் பேசுவதற்கு முன் பாட எழுந்தான் ஓர் இளைஞன். இரண்டடி பாடினான், மின்சாரம் நின்றது, ஒலிபெருக்கி ஊமையாயிற்று. கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று கத்தினான். தொண்டை கமறியது, கண் கலங்க உட்கார்ந்துவிட்டான். குரல் குலத்தோடு வருவது, நமக்கேது என்று பக்கத்திலிருந்த பெரியவர் பெருமூச்செறிந்தார்.

அந்தப் பெருமூச்சுக்குப் பதில் பக்கத்திலேயே, காஞ்சியிலேயே இருக்கிறது, தோழர்களே! அந்தப் பதிலின் பெயர் நாயனா பிள்ளை.

1889-ல் பிறந்தவர். இயற்பெயர் சுப்பிரமணியம். தாய் காமாட்சி அம்மாளும், தாயின் உடன்பிறந்தவரான தனகோடி அம்மாளும் கச்சேரி மேடையில் பேர் பெற்ற பாடகிகள். வீடெல்லாம் இசை. பிள்ளையின் மனமோ மல்யுத்தக் களத்தில்! குலத்தோடு குரல் வருமென்றால், தொட்டிலிலேயே அவர் பாடகராகியிருக்க வேண்டாமா? ஆகவில்லை. வாலிப வயதில்தான் விழித்துக் கொண்டார். விழித்தவர் பிறகு ஓயவில்லை. உடலை வளைத்த உறுதியை இசைக்குத் திருப்பினார்.

இசைவாணர் சாதகம் என்பார்களே, அது என்ன? மந்திரமல்ல, வேலை. விடியுமுன் எழுந்து, தாழ்ந்த சுரங்களை அகாரத்தில் நீட்டி நிறுத்துவது. மூச்சை அடிவயிற்றிலிருந்து அளந்து விடுவது. சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுவது. சுரங்களை இரட்டித்து அழுத்தும் ஜண்டை வரிசை வலுவைத் தரும். தாவித் தாவிச் செல்லும் தாட்டு வரிசை வளைவைத் தரும். காஞ்சி நெசவாளத் தோழர்களுக்கு இது புரியாததா? முறுக்கேறாத இழை அறும். முறுக்கு மிஞ்சிய இழை சுருளும். குரலும் அப்படித்தான். கத்துவது பலமல்ல, தோழர்களே, கத்துவது தேய்மானம்!

ஒலிபெருக்கி பரவாத காலம் அது. நாயனா பிள்ளையின் மேடையிலோ பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு பட்டாளமே உட்காரும். முழுப் பெஞ்சுக் கச்சேரி என்றே அதற்குப் பெயர். அத்தனை முழக்கத்துக்கும் நடுவே தாளம் தப்பாமல், தளராமல் பல்லவி பாடியவர் அவர். தெலுங்குக் கீர்த்தனைகள் கோலோச்சிய மேடையில் திருப்புகழையும் ஒலிக்கச் செய்தவர்.

1934-ல், ஐம்பதை எட்டுமுன்பே மறைந்தார். இசைத்தட்டில் பாட அவர் இசையவில்லை. ஆகவே அந்தக் குரலை நாம் கேட்டதில்லை, கேட்கவும் வழியில்லை. ஆனால் உழைப்பு அழிந்ததா? சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவரிடம் பயின்றார். 1954-ல் சங்கீத கலாநிதி ஆனார். பிருந்தாவும் முக்தாவும் பயின்றார்கள். திருப்புட்குழிக்கு அருகிலுள்ள தாமல் என்ற ஊரைத் தம் பெயரில் தாங்கிய டி. கே. பட்டம்மாள், சிறுமியாக அவர் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டே கற்றார். பெண்கள் பல்லவி பாடத் தயங்கிய மேடையில் துணிந்து பாடினார்.

கூட்டம் முடிந்ததும் அந்த இளைஞனைத் தேடிச் சென்றோம். நாயனா பிள்ளையின் கதையைச் சொன்னோம். நாளை விடியுமுன் எழுந்திரு, தம்பி. தாழ்ந்த சுரத்தில் தொடங்கு என்றோம். பெரியவரும் கேட்டுக் கொண்டுதான் இருந்தார். இம்முறை அவர் பெருமூச்செறியவில்லை.