பாகவதோத்தமர் ஸ்ரீ கிருஷ்ணதேவராயர்

விஜயநகரத்தை ஆண்ட மன்னர்களுள் பாகவதோத்தமராக விளங்கியவர் ஸ்ரீ கிருஷ்ணதேவராயர். துளுவ வம்சத்து நரச நாயக்கருக்கும் நாகலாம்பாவுக்கும் குமாரராகத் தோன்றிய இவர், தமையனார் வீர நரசிம்மருக்குப் பின் 1509-ஆம் ஆண்டு அரியணை ஏறினார். அடங்காத சிற்றரசர்களை அடக்கித் தென்னகத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தார். நம் சேலம் நாடும் அக்குடை நிழலிலேயே இருந்தது.

உதயகிரியை வென்றபோது அங்கிருந்த பாலகிருஷ்ணனைத் தலைநகருக்கு எழுந்தருளச் செய்து, 1515-இல் திருக்கோயிலில் பிரதிஷ்டை செய்தார். கலிங்கத்துக் கஜபதியைப் போரில் வென்றும், அவர் மகளை மணந்து, கிருஷ்ணா நதிக்கு வடபால் நாட்டைத் திருப்பியளித்தார். ஸ்ரீ ஆண்டாளின் திருக்கல்யாண வைபவத்தை ஆமுக்தமால்யதா என்னும் தெலுங்குக் காவியமாக இயற்றினார். 1513 முதல் பன்முறை திருமலை சென்று, திருவேங்கடமுடையானுக்கு ஆபரணங்களும் கிராமங்களும் சமர்ப்பித்தார்.

நாட்டை ஒன்றாக்கிய மன்னருக்கு இல்லத்தில் பெருந்துயர் காத்திருந்தது. 1524-இல் இளங்குமாரன் திருமலைராயனுக்குப் பட்டம் சூட்டினார்; சில மாதங்களில் சிறுவன் மாண்டான். நஞ்சூட்டினர் என்ற ஐயத்தால், தாம் தந்தையெனப் போற்றிய அமைச்சர் சாளுவ திம்மரசரையே சிறையிலிட்டுக் கண்களைப் போக்கினார் என்பர். 1529-இல் ராயர் மறைந்தபின் தம்பி அச்சுததேவராயர் அரசேற்றார்.

திருமலைக் கோயிலின் மகாத்வாரத்தைக் கடந்ததும், திருமலாதேவி, சின்னாதேவி என்னும் தேவியர் இருவருடன் ராயர் கைகூப்பி நிற்கும் திருவுருவங்களை இன்றும் சேவிக்கலாம். வெற்றியும் துயரும் கண்ட பேரரசர் விரும்பிப் பெற்ற இடம் அதுவே. உற்சவ சேவைக்கு எழுந்தருளும் அன்பர்களுக்கும் எம்பெருமான் அவ்வடிமைத்திறத்தை அருள்வானாக.