ஸர் கில்பர்ட் வாக்கர்

அத்திப்பட்டிலே அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளை உற்று நோக்குவோர் ஓர் உண்மையை அறியலாம். அமைதியான விடியற்காலையில் புகையானது மேலெழாது நாடாப்போல் நீண்டு செல்லும். வெயிலேறித் தரை சூடுண்டபின் அதே புகை மேலும் கீழுமாய்ப் புரண்டு கலையும். கீழ்க்காற்று குளிர்ந்தும் மேற்காற்று வெப்பமாயும் இருப்பின் வாயுமண்டலம் நிலைபெற்றிருக்கும். கீழே வெப்பம் மிகுந்தால் அந்நிலை குலையும். காற்று மேலெழுந்து குளிர்ந்து மேகமாகும். உஷ்ணப் பிரதேசங்களின் மழை பெரும்பாலும் இவ்வெழுச்சியைப் பற்றியதே. இதனோடு தம் பெயர் என்றும் இணைந்து நிற்கப்பெற்றவர் ஸர் கில்பர்ட் வாக்கர்.

இவர் 1868-ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பிறந்து, கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதன்மை பெற்றவர். 1904-ல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்றபோது அத்துறையில் அவருக்கு முற்பயிற்சி இல்லை. 1899-ல் பருவமழை பொய்த்துக் கொடும்பஞ்சம் விளைந்திருந்தது, முன்னறிவிப்பும் பிழைபட்டிருந்தது. ஆதலின் வாக்கர் உலகெங்குமுள்ள நிலையங்களின் காற்றழுத்த அளவுகளைத் திரட்டி, இந்தியக் குமாஸ்தாக்கள் பலரைக் கொண்டு கணக்கிடுவித்தார். பசிபிக் கடலில் அழுத்தம் உயருங்கால் இந்துமகா சமுத்திரத்தில் தாழ்வதையும், அங்குத் தாழுங்கால் இங்கு உயர்வதையும் கண்டு, அதற்குத் தென் அலைவு எனப் பெயரிட்டார்.

1913-ல் அவர் சென்னைக்கு வந்திருந்தபோது, துறைமுக அலுவலகத்திலே குமாஸ்தாவாயிருந்த இராமாநுஜனின் கணிதக் குறிப்புகள் அவரிடம் காட்டப்பட்டன. அவற்றின் அருமையை உணர்ந்த வாக்கர், அவ்விளைஞருக்கு உபகாரச் சம்பளம் அளிக்குமாறு சென்னைச் சர்வகலாசாலைக்குப் பரிந்தெழுதினார். அவ்வாண்டே அது கிடைத்தது.

1924-ல் இந்தியாவை விட்டு நீங்கி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலே பேராசிரியரானார். அங்கு மாணவர்களுடன் மெல்லிய திரவப் படலத்தைக் கீழிருந்து சூடாக்கி, அது சிறு சிறு அறைகளாய்ப் பிரிந்து சுழல்வதை ஆராய்ந்தார். மேற்பரப்பை நகர்த்தியபோது அவ்வறைகள் வரிசைகளாய் மாறின. வானத்து மேகங்கள் வரிவரியாய் அமைதலும் இவ்வாறே என விளக்கினார்.

எனினும் தென் அலைவின் காரணம் அவருக்குப் புலப்படவில்லை. காரணமற்ற கணக்கென்று ஐயுற்றோர் பலர். 1958-ல் அவர் காலமானார். 1969-ல் பியெர்க்னெஸ் என்னும் அறிஞர் அக்காரணத்தை வெளியிட்டார். மேற்குப் பசிபிக்கின் வெந்நீர்ப் பரப்பிலே காற்று எழுந்து மழை பொழிகிறது. கிழக்கே குளிர்நீரின்மேல் அது இறங்குகிறது. எல் நினோ ஆண்டுகளில் அவ்வெழுச்சி கிழக்கே பெயர, நம் நாட்டிற் பருவமழை பல முறை குன்றியுள்ளது. அச்சுழற்சிக்கு வாக்கரின் பெயரையே அவர் சூட்டினார். சிறு தட்டிலே தாம் கண்ட எழுச்சியை ஒத்ததொன்றே மாகடலையும் ஆள்கிறதென்பதை வாக்கர் அறியாது மறைந்தார். ஆயினும் அவர் பிழையற வைத்துச் சென்ற கணக்கின்றி, பின்வந்தோர் அக்காரணத்தைத் தேடியிருக்கவும் மாட்டார்.