வேதநாயக சாஸ்திரியார்: இளமைப் பயிற்சியும் இறைப்பற்றும்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) தமிழ்க் கிறித்தவ இசைப்பாடல் மரபின் தலைமைக் கவிஞராகப் போற்றப்படுபவர். அவர்தம் படைப்புகளின் இலக்கியக் கூறுகள் பலராலும் ஆராயப்பெற்றுள்ளன. தொண்ணூறு ஆண்டுகளை நெருங்கிய வாழ்வில் அவருடைய இறைப்பற்று சிறிதும் நெகிழாமல் நின்றதற்கும், அதே பற்று முதுமையில் அவரைத் தம் திருச்சபையோடே மோதச் செய்ததற்கும் உரிய காரணம் அவர்தம் இளமைப் பருவத்திலேயே அமைந்துள்ளது.

திருநெல்வேலிச் சீமையில் வேளாளர் குடியில் 1774 செப்டம்பர் 7 அன்று பிறந்தார். தந்தையார் தேவசகாயம் தமிழ்ப் புலமையும் பாடல் புனையும் ஆற்றலும் உடையவர். கத்தோலிக்க நெறி தழுவி, பின்னர்ச் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர். எனவே, இறைவழிபாடும் தமிழ்ச் செய்யுளும் வேதநாயகத்திற்கு ஒரே வீட்டில் கிடைத்தன. குறவஞ்சியும் பள்ளும் பேர்பெற்று விளங்கிய மண் அது. தாயை இளமையிலேயே இழந்தமை அவரைத் தந்தையின் நிழலில் மேலும் ஒடுங்கச் செய்திருக்கலாம்.

1785-ஐ ஒட்டிப் பாளையங்கோட்டைக்கு வந்த செருமானிய லுத்தரன் குருவாகிய சுவார்ட்சு, சிறுவனின் கூர்மதியைக் கண்டு, தந்தையின் இசைவுடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். சுவார்ட்சும் தாயின் இறுதி விருப்பத்தால் குழந்தைப் பருவத்திலேயே இறைப்பணிக்கென நேர்ந்துவிடப்பட்டவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. திருமணம் செய்யாத அவர் அம்மாணவரை மகனைப் போலவே பேணினார். மறைக்கல்வியும் வேத வாசிப்பும் வழிபாடும் அங்கு நாள்முறை ஒழுக்கங்களாயின. பின்னர்த் தரங்கம்பாடியில் இறையியலோடு வானியல் முதலிய அறிவியல் துறைகளும் கற்று, இருபது வயதையொட்டித் தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

இவ்விடத்து ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. தஞ்சை இளவரசர் சரபோசியும் (1777-1832) சுவார்ட்சின் பாதுகாப்பில் வளர்ந்தவரே. ஆசிரியர் மறைந்தபின் அவருக்குக் கோட்டைத் தேவாலயத்தில் பளிங்கு நினைவுச் சின்னம் அமைக்கும் அளவுக்கு அவர் பேரன்பு கொண்டிருந்தார். எனினும் தம் குலச் சமயத்தை விட்டு நீங்கினாரல்லர். ஆகவே, ஆசிரியரின் ஆளுமை மட்டும் சமயப்பற்றை உருவாக்கியது எனல் பொருந்தாது. சுவார்ட்சு வேதநாயகத்திடம் புதிதாக ஒன்றை விதைக்கவில்லை. தந்தை இட்ட வித்தையே வளர்த்தார்.

அவ்விரு பயிற்சிகளும் 1800-இல் இயற்றப்பெற்ற பெத்லகேம் குறவஞ்சியில் ஒன்றாகின்றன. தலைவி தேவமோகினியாகிய திருச்சபை. பறவை பிடிக்கும் சிங்கன் ஆன்மாக்களைத் தேடும் நற்செய்திப் பணியாளன். கதிரவனை நடுவாகக் கொண்ட கோள்களின் அமைப்பும் நிலநூற் செய்திகளும் அதனுள் இடம்பெறுகின்றன. வீட்டில் கேட்ட தமிழ் வடிவத்திற்குள் பள்ளியில் கற்ற உலகம் இடர்ப்பாடின்றி நுழைந்துவிட்டது.

சுவார்ட்சு 1798-இல் மறைந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த புதிய குருமார் பெப்ரீசியசின் வேத மொழிபெயர்ப்பை மாற்ற முற்பட்டனர். ஆலயத்தில் தமிழ்ப் பாடலையும், திருமண, இறுதிச் சடங்குகளில் மலர்களையும் விலக்கினர். சாதி வேறுபாடின்றி ஒன்றாக அமர்ந்து நற்கருணை பெறுமாறு வற்புறுத்தினர். இந்நான்கையும் கொடுமைகள் எனச் சாஸ்திரியார் எழுதியே எதிர்த்தார். விளைவாக 1829-இல் சபைப் பணியை இழந்தார். அப்போது அவரை ஆதரித்தவர், கிறித்தவராகாத அவர்தம் இளமைத் தோழர் சரபோசியே.

இவ்வெதிர்ப்பின் நான்கு கூறுகளையும் ஒரே நிலையில் வைத்து மதிப்பிடுவது பிழையாகும். தமிழிசைக்காகவும் பழகிய வேதமொழிக்காகவும் அவர் வாதிட்டது வழிபாட்டில் தமிழ் மரபு நிலைபெறத் துணையாயிற்று. சாதித் தனியிருக்கைக்காக வாதிட்டதோ, அதே ஆலயத்தில் ஒதுக்கி அமர்த்தப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் இழிவைக் காண மறுத்த செயல். குருமாரின் மற்ற மாற்றங்கள் எத்தகையவாயினும், இதில் நியாயம் அவர்கள் பக்கமே இருந்தது. சாஸ்திரியாரோ இவற்றைப் பிரித்துக் காணவில்லை. சுவார்ட்சின் காலத்தில் தாம் கண்டவை அனைத்தும் அவருக்குச் சமயமாகவே இருந்தன. சுவார்ட்சு பொறுத்துக்கொண்டதற்கும் போதித்ததற்கும் இடையிலான வேறுபாடு, சிறுவயதிலேயே அந்த ஆலயத்தில் அமர்ந்து பழகிய அவருக்குப் புலப்படாமற் போயிற்று. பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதி வேறுபாட்டை விலக்கி ஆணையிட்டபின்னரும் தஞ்சையில் இப்பூசல் ஓயவில்லை.

பதவி இழந்தபோதும் அவர் பாடுவதை நிறுத்தவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை இயற்றினார் என்பர். வளர்ப்பு மகள் ஞானதீபத்தின் பெயரைத் தம் பாடல்களில் பதித்தார். மகன் நோவா ஞானாதிக்கம் தந்தையின் பணியைத் தொடர்ந்தார். 1864 சனவரி 24 அன்று தஞ்சையில் சாஸ்திரியார் மறைந்தார். அவர்தம் வழித்தோன்றல்கள் தலைமுறைதோறும் அப்பாடல்களைப் பாடி, கதாகாலட்சேபம் செய்து வந்துள்ளனர்.