ஆசனத்தையும் துறந்த மேற்றிராணியார்



ஒறுத்தல் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? வெள்ளிக்கிழமைகளில் மாமிசம் விலக்குகிறோம். தபசுகாலத்தில் ஒருசந்தி இருக்கிறோம். இவை நல்ல முயற்சிகளே. ஆனால் வயிற்றை ஒறுப்பதைவிட மனதை ஒறுப்பது கடினம் அல்லவா? அந்தப் பாடத்தைக் கற்க நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. நம் கோயமுத்தூருக்கு முதல் மேற்றிராணியாராக இருந்த மெல்கியோர் மரியோன் பிரெசிலாக் ஆண்டகையின் சீவியத்தைச் சற்றே உற்றுப் பாருங்கள்.

அவர் 1813-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி பிரான்சு தேசத்தில் காஸ்தெல்நோதாரி என்ற ஊரில் பிறந்தார். 1838-ல் குருப்பட்டம் பெற்றார். சொந்த ஊரிலேயே சுகமாய் வேலைசெய்திருக்கலாம். ஆயினும் அவர் மனம் வேதபோதக நாடுகளையே நாடியது. அருமை மகனை அனுப்பத் தந்தையாருக்கு மனமில்லை. பெற்றோர் பாசத்தைச் சர்வேசுரனுக்குக் காணிக்கையாக்கி, 1842-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அவருடைய முதல் தியாகம் இது.

தமிழ் கற்றார், சேலத்தில் பணிபுரிந்தார், புதுச்சேரிக் குருமடத்துக்கும் தலைவரானார். 1846-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கருமத்தம்பட்டியில் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 32. செபமாலை மாதாவின் திருவிழாவுக்கு அவ்வூர் செல்லும் நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

இந்த நாட்டுத் திருச்சபையை இந்த நாட்டுக் குருக்களே நடத்தவேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. அதற்காகவே உழைத்தார். ஆனால் உடன் உழைத்தவர்களில் பலர் அவ்வளவு தூரம் வர ஆயத்தமாயில்லை. விசுவாசிகளிடையே நிலவிய சாதி ஆசாரங்களில் எதை அனுமதிக்கலாம், எதை விலக்கவேண்டும் என்பதிலும் குருக்கள் ஒருமனப்படவில்லை. உரோமையிலிருந்து தெளிவான தீர்ப்பு வேண்டினார். அவர் மனச்சாட்சி அமைதியடையும் பதில் வரவில்லை.

நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? நமக்கேன் வம்பு என்று ஆசனத்திலேயே அமர்ந்திருப்போம். அவரோ மனச்சாட்சியைப் பெரிதாக எண்ணி, பதவியை விட்டுவிட உத்தரவு கேட்டார். 1854-ல் நம் நாட்டை விட்டுப் புறப்பட்டார். மறு ஆண்டு பாப்பரசர் 9-ம் பத்திநாதர் அவருடைய இராஜினாமாவை ஏற்றுக்கொண்டார். தான் நேசித்த ஜனங்களைப் பிரிவது அவருக்கு எளிதாயிருக்குமா?

கசப்போடு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை அவர். ஆப்பிரிக்காவில் யாரும் கவனியாத ஜனங்களுக்கு ஊழியம் செய்ய விரும்பி, பிரான்சு தேசமெங்கும் ஊர் ஊராய்ப் பிரசங்கித்துக் காணிக்கை சேகரித்தார். 1856-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி லியோன் நகரில் ஆப்பிரிக்க வேதபோதக சபையைத் தொடங்கினார். தகோமே நாட்டுக்குப் போகவே அவருக்கு ஆசை. உரோமையோ சியெரா லியோனை ஒப்படைத்தது. மறுபேச்சின்றிக் கீழ்ப்படிந்தார்.

1859-ம் ஆண்டு மே 14-ந் தேதி பிரீடவுன் நகரில் கரையிறங்கினார். அங்கே மஞ்சள் சுரம் கொள்ளை நோயாய்ப் பரவியிருந்தது. அவரோடிருந்த குருக்கள் மூவரும் ஜூன் மாதத்திலேயே மாண்டார்கள். ஜூன் 25-ல் அவரும் உயிர் துறந்தார். வயது 45. அவர் அங்கே இருந்தது ஆறே வாரங்கள்!

எல்லாம் வீணாயிற்று என்று உலகம் சொல்லியிருக்கும். ஆனால் மானாவாரிக் காட்டில் சோளம் விதைக்கிற நமக்குத் தெரியாதா, மண்ணுக்குள் மறைந்த விதை வீணாவதில்லை என்று? லியோனில் எஞ்சியிருந்த பிளாங்க் சுவாமியார் சபையைக் கலைத்துவிடவில்லை. 1861-ல் அச்சபையார் தகோமேயிலேயே கால் வைத்தனர். இன்று இந்திய நாட்டு வாலிபரும் அதில் குருக்களாகி ஆப்பிரிக்கா செல்கிறார்கள். நம் நாட்டுக் குருக்களுக்காக ஏங்கியவருக்கு இதைவிடச் சன்மானம் வேண்டுமா? 2020-ம் ஆண்டு மே மாதம் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

அன்பர்களே, உங்களிடம் சர்வேசுரன் கேட்கும் பலி எது? பங்காளியோடு நடக்கும் வரப்புத் தகராறில் விட்டுக்கொடுப்பதா? கோவில் காரியத்தில் முதலிடத்தைப் பிறருக்கு விடுவதா? சாதிப் பெருமையைக் களைவதா? குருமடம் போக விரும்பும் மகனைத் தடுக்காமல் ஆசீர்வதிப்பதா? இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் ஒரு நிமிஷம் மௌனமாயிருந்து யோசியுங்கள். விடுவதற்கு மிகக் கடினமானது எதுவோ, அதுவே அவர் கேட்கும் காணிக்கை.