திருச்செங்கோடு டி. ஆர். சுந்தரம் முதலியார்

ஒருவர் செய்த நற்காரியத்தை மறைத்தல் எத்துணைக் குற்றமோ, பிறர் செய்ததை அவர்மேல் ஏற்றிப் புகழ்தலும் அத்துணைக் குற்றமேயாம். பழைய பேசும் படங்களின் சரித்திரத்தில் இவ்விரு குற்றங்களும் மலிந்து கிடக்கின்றன. இன்ன படத்தை இயக்கியவர் யார், வசனம் எழுதியவர் யார், இன்ன நடிகரைத் தெரிந்தெடுத்தவர் யார் என்னும் வினாக்களுக்குப் பலர் பலவாறு விடை கூறுவர். ஆதலின் நம் சமூகத்திற் பிறந்து அத்துறையில் தலைசிறந்து விளங்கிய சுந்தரம் முதலியாரவர்களின் சரிதத்தை அன்பர்களுக்கு உள்ளவாறே கூறுதல் நம் கடமையாகும்.

பைல் நாடு முதலிய மலைநாடுகளைத் தன்னகத்தே கொண்ட கொல்லிமலையும், அர்த்தநாரீசுவரர் கோயில்கொண்ட திருச்செங்கோடும் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளன. அக்காலத்தில் இவை சேலம் ஜில்லாவைச் சார்ந்திருந்தன. அத்திருச்செங்கோட்டில், நூல் வாணிகம் நடத்திய செங்குந்தர் குடும்பத்தில், 1907ஆம் ஆண்டு நம் சுந்தரனார் பிறந்தார். இங்கிலாந்து சென்று லீட்ஸ் நகரில் நெசவுத் தொழிற்கல்வி பயின்று மீண்டார். குலத்தொழிலில் உயர்கல்வி பெற்று வந்தவர் தறியை விட்டுத் திரையை நாடியது பலர்க்கும் வியப்பாயிருந்திருக்கும். எனினும் நூலிழை பலவற்றை ஒழுங்குபடச் சேர்த்து ஓர் ஆடையாக்கும் அறிவே பின்னர்ப் படத்தொழிலிலும் அவருக்குத் துணைநின்றது எனலாம்.

முதலில் சேலம் ஏஞ்சல் பிலிம்ஸ் கம்பெனியிற் கூட்டாளியாயிருந்து அனுபவம் பெற்றார். அந்நாளில் தமிழ்ப் படம் எடுப்போர் கல்கத்தா, பம்பாய் முதலிய தூரநகரங்களுக்குக் குழுவினரோடு பயணஞ்செய்ய நேர்ந்தது. அச்செலவையும் அலைச்சலையும் ஒழிக்கக் கருதி, 1935இல் சேலத்தில், ஏற்காடு செல்லும் சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு முதலிய வேலைகளனைத்தையும் ஓரிடத்திலேயே நடத்தினார். காலந்தவறாமையிலும் கட்டுப்பாட்டிலும் அவர் மிகக் கண்டிப்பானவர்.

நடிகரைத் தெரிந்தெடுப்பதிலும் அவர் தனித்திறம் வாய்ந்தவர். 1937இல் வெளிவந்த முதற்படமாகிய ‘சதி அகல்யா’வில் இலங்கையினின்று வந்த தவமணி தேவியைக் கதாநாயகியாக்கினார். பட வாய்ப்புக் குன்றியிருந்த பி. யு. சின்னப்பாவுக்கு 1940இல் ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் அளித்து அவர்தம் புகழைத் தமிழ்நாடெங்கும் பரப்பினார். 1942இல் அதே சின்னப்பாவையும் டி. ஆர். ராஜகுமாரியையும் கொண்டு ‘மனோன்மணி’யை எடுத்தார். அதற்கு மூலமான நாடகத்தை இயற்றியவர் பேராசிரியர் சுந்தரம் பிள்ளையவர்கள்.

பெயரொப்புமையால் மயக்கம் நேர்தற்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. மலையாளத்தின் முதற் பேசும் படமாகிய ‘பாலன்’ 1938இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்த பெருமை நம் டி. ஆர். சுந்தரத்துக்கே உரியது. ஆனால், கதையைத் தந்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஏ. சுந்தரம் என்னும் மற்றொருவர். இயக்கியவர் எஸ். நொட்டானி, வசனமும் பாடல்களும் முதுகுளம் ராகவன் பிள்ளையுடையவை. தயாரித்தவர் நம்மவர் என்பதற்காக எல்லாம் அவர் செயலே என்று மேடையிற் பேசுவது முறையன்று.

இனி, 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’யைப் பற்றிச் சிறிது விரித்துரைப்போம். அதன் கதையும் வசனமும் மு. கருணாநிதி அவர்களுடையவை. 1948இல் வேறொரு கம்பெனி எடுத்த ‘அபிமன்யு’ படத்திற்கு அவர் வசனம் எழுதியும், திரையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. எழுதியவனுக்கு எழுத்தில் இடமின்மை எத்துணைத் துன்பந்தருவது! சேலத்திலோ அவர் பெயர் திரையில் ஒளிர்ந்தது. அப்படத்தின் வசனமும், வில்லன் வேடம் தாங்கிய எஸ். ஏ. நடராஜனின் நடிப்பும் நாடெங்கும் பேசப்பட்டன. நாயகனாக எம். ஜி. இராமச்சந்திரன் தெரிந்தெடுக்கப்பட்டது கருணாநிதியவர்களின் பரிந்துரையால் என்று பலரும் கூறுவர்.

அப்படத்தை இயக்கியவர் யார்? அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் அதனை இயக்கிவந்தார், எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாகத் தோன்றிய ‘சதி லீலாவதி’யை 1936இல் இயக்கியவரும் அவரே. படம் முற்றுப்பெறுமுன் அவர் தம் நாடு திரும்பினார். எஞ்சிய பகுதியைச் சுந்தரனாரே முடித்தார். முதலாளியும் அவரே, முடித்தவரும் அவரே. கடல்கடந்து சென்றுவிட்டவரின் பெயரை நீக்கித் தம் பெயரை மட்டும் பொறிக்க அவர் எண்ணியிருப்பின் தடுப்பார் யார்? எனினும் டங்கன், சுந்தரம் என்னும் இருவர் பெயரும் திரையில் நின்றன. இன்றும் அப்படத்தை ஒருவர்க்கே உரிமையாக்கிப் பேசுவோர்க்கு அத்தலைப்பே தக்க விடையாகும்.

1956இல் அவர் இயக்கிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாயிற்று. 1961இல் ‘கண்டம் பெச்ச கோட்டு’ வாயிலாக மலையாளத்துக்கும் முதல் வண்ணப்படத்தை அளித்தார். 1963ஆம் ஆண்டில், தமது 56ஆம் வயதில், அவர் காலமானார். பிற்காலத்தில் அந்த ஸ்டூடியோவும் மறைந்தது. அதன் முகப்பு வளைவு மட்டும் ஏற்காட்டுச் சாலையில் இன்றும் நிற்கின்றது.

சகோதரர்களே! நம் பெரியோரின் புகழ் பிறர் புகழைக் கடன்வாங்கித்தான் நிற்கவேண்டும் என்பதில்லை. சுந்தரனார் செய்தவை எவையென அறிந்தால் அவையே போதும். நம் குடும்பங்களிலும் சங்கங்களிலும், ஒரு காரியம் முடிந்ததும் அதில் உழைத்தார் அனைவர் பெயரையும் ஆண்டோடு எழுதிவைப்போமாக. பெயரை முறையாகப் பொறித்த அப்பெரியாருக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவேயாம்.