கை மறக்கவில்லை

சைக்கிள் ஓட்டக் கற்ற நாள் எனக்கு நினைவிருக்கிறது. அந்நினைவும் ஓட்டும் திறனும் மூளையில் வெவ்வேறு இடங்களைச் சார்ந்தவை என்பதை ஹென்றி மொலைசனின் வாழ்க்கையைப் படித்தபோதே உணர்ந்தேன்.

1926-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர் அவர். கடும் வலிப்பு நோய் அவரது இளமையைத் தின்றது. 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்னும் அறுவை மருத்துவர் மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார். வலிப்பு தணிந்தது, புதிய நினைவுகள் பதிவதும் நின்றுபோனது. சற்றுமுன் சந்தித்தவர்கூட அவருக்கு அந்நியரே.

மான்ட்ரியாலிலிருந்து வந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி அளித்தார். ஒன்றினுள் ஒன்றாக வரைந்த இரு நட்சத்திரங்களின் இடைவெளியில் கோடு இழுக்க வேண்டும்; கையைக் கண்ணாடியில் மட்டுமே பார்க்கலாம். (நான் முயன்றபோது பென்சில் எதிர்த்திசையிலேயே ஓடியது.) மூன்று நாள்களில் முப்பது முயற்சிகள். மொலைசனின் பிழைகள் குறைந்துகொண்டே வந்தன. மூன்றாம் நாளிலும் அப்பயிற்சி அவருக்குப் புதிதுதான். தம் கையின் லாவகம் அவரையே வியக்கவைத்தது. இத்தகைய பழக்கத்துக்குத் துணைநிற்கும் சிறுமூளையையும் அடித்தள நரம்புத்திரள்களையும் கத்தி தொடவில்லை.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் ஆய்வுகளுக்கு இணங்கினார். நேற்று இணங்கியதையே அறியாதவரின் இணக்கத்தை எப்படி எடைபோடுவது? எனக்கு விடை கிட்டவில்லை. 2008-இல் இறக்கும்வரை ஆய்வேடுகளில் அவர் வெறும் எச்.எம். மறு ஆண்டு, அவரது மூளை 2,401 மென்சீவல்களாக அறுக்கப்பட்டது.