பேய்க் கதை எழுதிய புதுமைப்பித்தன்: சிதறிய கதைகள் எப்படி ஒரே புத்தகமாயின?

பொந்தியானாக் கதை கேட்டு பயந்திருப்பீங்க. தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி இருந்தால் முனி கதையும் கேட்டிருப்பீங்க. சரி, தமிழில் எழுதப்பட்ட நல்ல பேய்க் கதை ஒன்று சொல்லுங்கன்னு யாராவது கேட்டால்?

'காஞ்சனை' என்று சொல்லுங்கள். எழுதியவர் புதுமைப்பித்தன். இயற்பெயர் சொ. விருத்தாசலம், பிறந்தது 1906-இல். திருநெல்வேலியில் பி.ஏ. படித்துவிட்டு, சென்னையில் 'மணிக்கொடி', 'தினமணி' என்று பத்திரிகைகளோடு வாழ்ந்தவர்.

காஞ்சனையின் நாயகனும் ஓர் எழுத்தாளர்தான். ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கிருந்தோ ஒரு வாடை. பிச்சை கேட்டு வந்த ஒரு பெண்ணை மனைவி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் பேயா, இல்லை எல்லாமே இவருடைய மனப்பிரமையா? கதை கடைசிவரை சொல்லாது. பயமே அங்கேதான்.

'பிரம்ம ராக்ஷஸ்', 'செவ்வாய் தோஷம்' எல்லாம் இதே ரகம். 'வேதாளம் சொன்ன கதை'யில் மட்டும் பேயைப் பார்த்தால் சிரிப்பு வரும். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கென்ஸ்டைன்' நாவலை 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தவரும் இவரே.

1948-இல், சினிமா வேலைக்காக புனே போனவர் காசநோயோடு திரும்பினார். ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது 42. மனைவி கமலா, சின்னக் குழந்தையாக ஒரு மகள். எழுதிய ஏறத்தாழ நூறு கதைகளில் சுமார் பாதிதான் அதுவரை புத்தகமாகியிருந்தது. மிச்சமெல்லாம் பழைய பத்திரிகைகளில் கிடந்தன. போதாததற்குப் பல புனைபெயர்கள் வேறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொலைகாரன் கை' உட்பட சில கதைகள் பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் தழுவல்கள். இதைச் சொன்னவர் எதிரி இல்லை. 1951-இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய நண்பர் தொ.மு.சி. ரகுநாதன். எது சொந்தம், எது தழுவல் என்ற சண்டை பல வருடம் ஓடியது. அப்படின்னா, கிடைத்ததை எல்லாம் அள்ளிப் போட்டால் அது தொகுப்பாகிவிடுமா? ஆகாது. முதலில் எந்தப் பத்திரிகையில், எந்தத் தேதியில், எந்தப் பெயரில் வந்தது என்று ஒவ்வொரு கதைக்கும் பார்க்க வேண்டும்.

அந்தப் பொறுமையான வேலையைச் செய்தவர் வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி. கதைகளைக் கால வரிசையில், வெளிவந்த விவரங்களோடு அடுக்கிய அவருடைய பதிப்பை 2000-இல் காலச்சுவடு வெளியிட்டது. எனக்குக் கேட்டால், கதைகளுக்குச் சமமாக அந்தப் பின்னிணைப்புகளும் சுவாரசியம்தான்.

2002-இல் தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. அதனால் இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால், கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் கொமுட்டர் ஏறி காஞ்சனையைத் திறங்க. இறங்குவதற்குள் முடித்துவிடலாம். வீட்டில் தனியாக இருக்கும் ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீங்க.